மார்பின் வடிவமும் மனக் கவலையும்

(மாதர் சங்கக் கூட்டத்தில் பெண் மருத்துவர் ஒருவர் பேசியது)



சத்துணவு, தடுப்பூசி என்று பேச வந்தால் முன்வரிசையில் வந்து உட்காருவீர்கள். இன்றைக்குத் தலைப்பைக் கேட்டதும் பாதிப் பேர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டீர்கள். பரவாயில்லை. இங்கே ஆண்கள் யாரும் இல்லை, கதவையும் சாத்தியாயிற்று. கூச்சப்படாமல் கேளுங்கள்.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு பக்கம் சின்னதா, ஒரு பக்கம் பெரிசா இருக்கு, இது வியாதியா?" இப்படிக் கேட்பதற்கு ஒரு பெண் நாலு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து திரும்பிப் போகிறாள். இரண்டு மார்பும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்கும் பெண்கள் மிகக் குறைவு. ஒன்று சற்றுத் தாழ்ந்திருக்கும், ஒரு காம்பு வெளிப்பக்கம் பார்த்திருக்கும். இதெல்லாம் இயற்கை. பிள்ளை பெற்றபின் தளர்வதும் இயற்கைதான். ஆனால் பழியைப் பால் கொடுத்ததன் மேல் போடாதீர்கள். தளர்ச்சிக்குக் காரணம் வயது, உடல் எடை ஏறி இறங்குவது, எத்தனை தடவை கர்ப்பமானோம் என்பது. அழகு கெடும் என்று பாலை நிறுத்தினால் குழந்தைதான் நஷ்டப்படும்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வயதுக்கு மேல் ஒரு பக்கக் காம்புக்கு அடியில் மட்டும் பாக்களவு கட்டி போலத் தெரியும், தொட்டால் வலிக்கும். அது வளர்ச்சியின் தொடக்கம். மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். பயந்துபோய் அதை அறுத்து எடுத்துவிட்டால், பிறகு அந்தப் பக்கம் மார்பகமே வளராது. எட்டு வயதுக்கு முன்பே தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி நான் சொல்வதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்ததிலிருந்தோ வயதுக்கு வந்ததிலிருந்தோ இருக்கும் வித்தியாசம் வேறு, புதிதாக வந்த மாற்றம் வேறு. இத்தனை வருஷமாக வெளியே இருந்த காம்பு இப்போது உள்ளே இழுத்துக்கொண்டால், ஓரிடத்தில் குழி விழுந்தால், தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்தால், வலியே இல்லாத கட்டி தட்டுப்பட்டால், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தால் அது வடிவக் கோளாறு அல்ல. புற்றுநோயா என்று உடனே பார்த்தாக வேண்டும். "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்கள்தான் கடைசியில் காலம் தாழ்ந்து வருகிறார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து வீங்கினால் பெரும்பாலும் பால் கட்டு அல்லது சீழ்தான். மருந்து சாப்பிட்டும் ஒரு வாரம் பத்து நாளில் தணியவில்லை என்றால் அவளையும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். முப்பது வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகப் பரிசோதனை உண்டு. கையால் தொட்டுப் பார்ப்பதுதான், ஊசி கிடையாது.

புது மாற்றம் எதுவும் இல்லை, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்பவர்களுக்கு இனிச் சொல்கிறேன்.

முதலில் உள்வாங்கிய காம்பு. விரலால் ஓரத்தை அமுக்கினால் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கவலையே வேண்டாம். குழந்தை சப்புவது காம்பை மட்டுமல்ல, சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துத்தான். வாய் நிறையக் கவ்வக் கொடுத்தால் அதுவே காம்பை இழுத்துவிடும். வராத காம்புக்கு நம் நாட்டு வைத்தியர்கள் காட்டிய எளிய வழி ஒன்று இருக்கிறது. 1993-ல் கர்நாடகத்தில் தாவணகெரே மருத்துவர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள். 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றில் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய பக்கம் வழியாகத் தண்டைத் திருப்பிப் போட வேண்டும். வெட்டாத வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்துத் தாய் தானே மெதுவாகத் தண்டை இழுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பிடிக்க வேண்டும். பிறகு தண்டைத் தளர்த்தி விட்டு எடுத்து, உடனே குழந்தையை விட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகுதான் இதைச் செய்வது. புது சிரிஞ்சாக இருக்க வேண்டும். முதல் தடவை நர்சம்மா முன்னால் செய்யுங்கள், வலித்தால் இழுப்பைக் குறையுங்கள். இதற்கு ஆபரேஷனும் உண்டு. ஆனால் சில முறைகளில் பால் குழாய்களையே வெட்ட வேண்டி வரும். இன்னும் குழந்தை பெற நினைப்பவர்கள் அவசரப்படக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, அடிப்பகுதி குறுகி, நுனி துருத்தி, கிழங்கு போல நீண்ட மார்பு. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1976-ல் இதற்குப் பெயர் வைத்தபோதும் கிழங்கைத்தான் உவமை சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும், கறுத்த வட்டம் பெரிதாகப் புடைத்திருக்கும். இது நோயல்ல. ஆனால் இவர்களில் சிலருக்குப் பால் சுரப்பியே குறைவாக இருக்கும். கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமும் பெருக்கவில்லை, பிரசவமாகி ஐந்து நாளாகியும் பால் இறங்கவில்லை என்றால் கவனியுங்கள். குழந்தை இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் முடிந்தபின் நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். இல்லையென்றால் எடைபோட்டுப் பார்த்து டாக்டர் யோசனைப்படி மேற்கொண்டு பால் கொடுக்க வேண்டும். மாமியார்மார்களே, அந்தப் பெண்ணை "ராசியில்லாதவ" என்று பேசாதீர்கள். சுரப்பியின் அளவு அவள் கையில் இல்லை. வடிவத்தைத் திருத்த வேண்டுமென்றால், உள்ளே இறுகிய திசுவை விடுவித்து, அடியைப் பரப்பி, தேவைப்பட்டால் அவளுடைய கொழுப்பையோ சிலிக்கான் பையையோ வைத்துச் சரிசெய்ய ஆபரேஷன் இருக்கிறது.

மூன்றாவது, அளவுக்கு மீறிய பாரம். இதைக் கேலி பண்ணுகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. பாடிப் பட்டை அழுத்தித் தோளில் பள்ளம் விழும், கழுத்தும் முதுகும் ஓயாமல் வலிக்கும், மடிப்பில் வேர்வை தங்கிப் புண்ணாகும். நாற்று நடக் குனிய முடியாத பெண்ணுக்கு இது அழகுப் பிரச்சினையா, பிழைப்புப் பிரச்சினையா? மயக்க மருந்து கொடுத்து, மிகையான சதையையும் தோலையும் எடுத்து, காம்பை மேலே ஏற்றி வைப்பார்கள். தழும்பு நிற்கும், மங்கும், மறையாது. பாரம் குறைந்த சுகம் பெரும்பாலோருக்குச் சீக்கிரமே தெரியும். ஆனால் பிறகு முழுதாகப் பால் கொடுக்க முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. காம்பில் உணர்ச்சியும் குறையலாம்.

"பிளாஸ்டிக் சர்ஜரின்னா பிளாஸ்டிக்கை உள்ளே வெச்சுத் தைப்பாங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். இல்லை. வடிவமைப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அது. நம் அரசு ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைப் பிரிவு என்று போட்டிருக்கும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018 பிப்ரவரியில் மார்பகச் சீரமைப்புக்கென்றே இலவசப் பிரிவு தொடங்கினார்கள். ஏழைக்கு எதற்கு அழகு சிகிச்சை, அந்தப் பணத்தை உயிர் காக்கும் சிகிச்சைக்குச் செலவிடலாமே என்று அப்போது பலர் பேசினார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதுகு வலியில் துடிப்பவளும், புற்றுநோயால் மார்பை இழந்தவளும் அந்த வாசலுக்குத்தானே வர வேண்டும்?

புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவர்களுக்கு முதுகுச் சதையையோ அடிவயிற்றுச் சதையையோ கொண்டுவந்து புது மார்பு அமைக்க முடியும். சிலருக்கு அதே ஆபரேஷனில், சிலருக்குச் சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகு. மறுபடி கத்தியே வேண்டாம் என்பவர்கள் பாடிக்குள் வைக்கும் செயற்கை மார்பு வாங்கிக்கொள்ளலாம், அதிலும் குறைவில்லை.

சிலிக்கான் பை முதன்முதலில் 1962-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் வைக்கப்பட்டது. அது ஆயுள் முழுக்க உழைக்கும் சாமான் அல்ல. சுற்றிலும் இறுகிக் கல்லாகலாம், கிழியலாம், பிறகு மாற்ற வேண்டியிருக்கும். சொரசொரப்பான ஒருவகைப் பையால் அபூர்வமாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்து, 2019-ல் பல நாடுகளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆகவே எந்த வகைப் பை என்று கேட்டு, அதன் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி விளம்பரத்தில் வரும் தைலமும் மாத்திரையும் எந்த வடிவத்தையும் மாற்றாது. மார்பகத்துக்குள் தசையே இல்லாததால் தேகப்பயிற்சியும் அதை மாற்றாது, அடியில் உள்ள நெஞ்சுத் தசையைத்தான் வலுப்படுத்தும்.

ஆபரேஷன் வேண்டுமென்று நினைப்பவர்கள் பதினெட்டு வயது முடிந்து, வளர்ச்சி நின்ற பிறகு போவது நல்லது. கர்ப்பமாக இருக்கும்போதும், பால் கொடுக்கும்போதும் வேண்டாம். பால் மறந்து சில மாதம் ஆனால்தான் உண்மையான வடிவம் தெரியும். போகும்போது பழைய சீட்டுகள், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாம் கொண்டு போங்கள். எந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு என்பதை அங்கேயே கேட்கலாம். தழும்பு எங்கே வரும், பால் கொடுக்க முடியுமா, மறுபடி ஆபரேஷன் வருமா என்ற மூன்றையும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு மாதத்தில் முடித்துக்கொடு என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

செவ்வாய், வெள்ளி காலையில் நான் இங்கேதான் இருப்பேன். பரிசோதனை அறையில் திரை போட்டிருக்கிறோம், நர்சம்மாவும் கூட இருப்பார். சபையில் கேட்க முடியாததை அங்கே வந்து கேளுங்கள்.