கண்முன் நிற்கும் மலை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நடப்பதைப் பற்றியும் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "நடக்கிறதுக்கும் ஒரு வாத்தியார் வந்து சொல்லித் தரணுமா?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நியாயந்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்கள் உங்களுடையவை. ஓய்வு நாளில் காலை நீட்டிப் படுக்கத்தான் தோன்றும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருடம் நடந்தீர்களே, அதில் உங்களுக்காக, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது எத்தனை நாள்?

கெர்லிங்குக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. வகுப்பில் மலையை வரையச் சொன்னால், பிள்ளைகள் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைத்துவிடுகிறார்கள். நிஜமான மலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போய் வந்தவர் யார் என்று கேட்டால், உயரும் கைகளை எண்ண ஒரு கை விரல்களே போதும். "கோலாலம்பூர்ல பெரிய கடைக்குப் போயிருக்கோம் சார், மலைக்குப் போனதில்ல" என்கிறார்கள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். நமக்கோ பக்கத்துப் பச்சை கண்ணுக்கே தெரிவதில்லை!

அருகில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். கோலகுபு பாருவிலிருந்து தொடங்கலாம். 1883ஆம் ஆண்டு பழைய கோலகுபுவில் ஓர் அணை உடைந்து, ஊரே வெள்ளத்தில் போயிற்று. வெள்ளைக்கார அதிகாரியான செசில் ரேங்கிங் என்பவரும் அதில் மாண்டார். அணை உடைந்த அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா என்றே பெயர். பெச்சா என்றால் உடைந்தது. பிற்பாடு ஈயச் சுரங்க மண் ஆற்றை அடைத்து, அடிக்கடி வெள்ளம் வந்தது. ஆகவே 1930ஆம் ஆண்டை ஒட்டி ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். சார்ல்ஸ் ரீட் என்ற நகர அமைப்பு வல்லுநர் தோட்ட நகரம் என்ற முறையில் அதைத் திட்டமிட்டார். திடலும் மரநிழலுமாக இருக்கும் அந்தச் சிறு பட்டணத்தை, சைக்கிளில் நிதானமாகச் சுற்றி வரலாம். பாடப்புத்தகத்தில் படிக்கும் சரித்திரத்தைக் காலால் மிதித்துப் படிக்கலாம்.

அங்கிருந்து மலைச் சடக்கில் ஏறினால் சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டு வரும். சிலாங்கூர், கோலாலம்பூர் வீடுகளில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. இந்த அணைக்காகப் பெர்த்தாக், கெராச்சி கிராமங்களில் வாழ்ந்த தெமுவான் பூர்வக்குடி மக்கள் இடம் பெயர வேண்டியிருந்தது. தோட்டம் விற்கப்பட்டு, லயத்தைக் காலி செய்த வேதனையை அறிந்த நமக்கு அவர்கள் மனம் புரியும். ஆகவே அவர்கள் கிராமத்தைக் கடக்கும்போது, வேடிக்கை பார்க்கப் போகாமல் விருந்தாளியாகப் போக வேண்டும்.

பெர்த்தாக் கிராமத்தின் வழியாகத்தான் புக்கிட் கூத்து மலைக்குப் பாதை போகிறது. உயரம் 1,000 மீட்டருக்குச் சற்று அதிகம். வெள்ளைக்காரர்கள் அதற்கு டிரேச்சர் மலை என்று பெயரிட்டு, உச்சியில் ஓய்வு பங்களா கட்டினார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பது ஒரு புகைபோக்கியும் சில செங்கற்களும்தான். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், மலை அப்படியே இருக்கிறது! இந்த ஏற்றம் சின்னப் பிள்ளைகளுக்கு அல்ல. வளர்ந்தவர்களும் வனத்துறையிடம் அனுமதி கேட்டு, வழி தெரிந்தவரோடுதான் போக வேண்டும். இன்னும் மேலே போனால் சிலிங் நீர்வீழ்ச்சி. ஆற்றைப் பல முறை கடந்து போகும் நடை. அந்த ஆற்றில் கெலா மீன்கள் பாதுகாக்கப்படுகின்றன.

சடக்கின் முடிவில் கேப் என்னும் கணவாய். அதற்கு மேல் 8 கிலோமீட்டரில் பிரேசர் மலை. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே ஈயம் தேடினார். பிறகு எங்கே போனார் என்றே தெரியாமல் மறைந்தார். 1917இல் அவரைத் தேடிப்போன சிங்கப்பூர் பிஷப், "இது ஓய்வுக்கு நல்ல இடம்" என்று சொல்ல, 1922இல் அது மலைவாசத்தலமாகத் திறக்கப்பட்டது. அந்த மலைக்குப் போகும் வழியில்தான் 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். இன்று அந்தச் சடக்கில் ஓய்வு நாட்களில் சைக்கிளோட்டிகள் வரிசையாக மூச்சு வாங்க ஏறுகிறார்கள். மேலே பறவை பார்க்க உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஹெம்மண்ட் பாதை, பிஷப் பாதை என்று காட்டுக்குள் நடைபாதைகளும் உண்டு. எங்கிருந்தோ வருகிறவனுக்குத் தெரிந்த குருவியின் பெயர், அடிவாரத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

"இதெல்லாம் காசு உள்ளவங்க பொழுதுபோக்கு சார்" என்பார்கள். அதற்கு ஓர் உண்மைக் கதையைப் பதிலாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் என்ற ஆலை நகரம். பஞ்சாலைப் புகையில் வாரமெல்லாம் உழைத்த தொழிலாளர்கள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மலைக்கு நடக்க ஆசைப்பட்டார்கள். ஆனால் கிண்டர் ஸ்கவுட் என்ற அந்த மேட்டு நிலம் சீமான்கள் காட்டுக்கோழி வேட்டையாடும் இடம். தொழிலாளி கால் வைக்கக்கூடாது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பென்னி ரோத்மன் என்ற 20 வயது இளைஞர் முன்னிற்க, சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அந்தத் தியாகம் வீண்போகவில்லை. 1951இல் அந்த மலைப்பகுதியே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 1965இல் அங்கிருந்து வடக்கே ஸ்காட்லாந்து எல்லைவரை பென்னைன் வழி என்ற நெடும்பாதை திறக்கப்பட்டது. அந்தக் கிண்டர் ஸ்கவுட்டின் உயரம் 636 மீட்டர்தான். நம் பிரேசர் மலை அதைப்போல் இரண்டு மடங்கு!

அவர்கள் சிறைக்குப் போய் வாங்கிய உரிமை, நமக்குப் பஸ் செலவிலும் ஒரு பொட்டலம் சோற்றிலும் கிடைக்கிறது. இந்த நாட்டின் ரயில் பாதைகளிலும் சடக்குகளிலும் நம் தாத்தா பாட்டிகளின் வியர்வை கலந்திருக்கிறது. அந்தச் சடக்கின் முடிவில் என்ன இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் போய்ப் பார்ப்பதில் என்ன தவறு?

ஆனால் கவனம் வேண்டும். மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் திடீர் வெள்ளம் இறங்கும். தண்ணீர் கலங்கினாலும், இலை தழை மிதந்து வந்தாலும் உடனே கரையேறுங்கள். 2022 டிசம்பர் 16ஆம் நாள் நம் உலு சிலாங்கூர் மாவட்டத்திலேயே, பத்தாங்காலி மலைப்பகுதியில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். ஆகவே மழைக்காலத்தில் சரிவின் கீழ் தங்கவே வேண்டாம். லாரி ஓடும் பெரிய சடக்கில் சின்னப் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பாதீர்கள். தலைக்கவசமும் விளக்கும் பிரேக்கும் சரியாக இருக்கட்டும். அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம், பால்மரக் காட்டில் அதைப் பார்க்காதவர்களா நீங்கள்? போகுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பெற்றோர்களே! தோட்டங்கள் கை மாறுகின்றன. பிள்ளைகள் நாளைக்கு வேலை தேடிப் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். "உன் ஊரில் என்ன இருக்கிறது?" என்று அங்கே யாராவது கேட்டால், "ஒண்ணுமில்ல, வெறும் தோட்டம்தான்" என்று தலைகுனிந்து சொல்லும் பிள்ளை எங்கும் தலைகுனிந்தே நிற்கும். "எங்க ஊர்ல மலை இருக்கு, நான் ஏறியிருக்கேன்" என்று சொல்லும் பிள்ளை நிமிர்ந்து நிற்கும். அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் பிள்ளைக்குச் சம்பாதித்துக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கு என் வாழ்த்து. வாங்காதவர்களுக்கு ஒரு செய்தி: மலை யாருடைய மார்க்கையும் கேட்பதில்லை. வருகிற பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவோடு ஒருநாள் போய் வாருங்கள். கண்டதை ஒரு பக்கம் எழுதி வாருங்கள். அடுத்த முறை மலையை வரையும்போது, அந்த இரண்டு முக்கோணம் வேண்டாம்!