மார்பகத் திசுப் பரிசோதனை: பயமும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

(ஒடுகத்தூர் பகுதியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகள் பற்றிக் காலையிலிருந்து பேசிவிட்டோம். கடைசி அரை மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆண் ஆசிரியர்கள் எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் அம்மா, அக்கா, மனைவி, மகள் இருக்கிறார்கள். அரிதாக, நூற்றில் ஒன்று என்ற அளவில், ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வருகிறது.

கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை நான் அந்தப் பரிசோதனைக்குப் போய் வந்தேன். முதல் முறை எனக்காக. அடுத்த முறை, என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மாவுக்குத் துணையாக. அவர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் வேலை செய்பவர். விடிந்ததும் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டியபின்தான் வீடு. மகள் அடிக்கடி விடுப்பு எடுக்கிறாளே என்று விசாரித்தபோதுதான், அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பதும், ஸ்கேன் எடுத்த பிறகு "சதை எடுத்துப் பார்க்கணும்" என்று டாக்டர் சொன்னதும், அதன்பின் அவர் அந்தப் பக்கமே போகவில்லை என்பதும் தெரிந்தது. அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஊசி குத்தினால் நோய் பரவிவிடும், ஆம்பளை டாக்டர் முன்னால் எப்படி, ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும். இந்த மூன்றையும் நம் ஆசிரியைகள் வாயிலாகவும் நான் கேட்டிருக்கிறேன். மூன்றாவது மட்டும், "பொதுத்தேர்வு முடியட்டும்" என்று மாறியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். தொடக்கத்திலேயே பிடித்தால் குணமாகும் வாய்ப்பும் மிக அதிகம்.

எதற்காக இந்தப் பரிசோதனை?

கையால் தொட்டுப் பார்த்தோ, ஸ்கேன், மேமோகிராம் படத்தைப் பார்த்தோ மட்டும் ஒரு கட்டி இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. படம் சந்தேகத்தை எழுப்பும். பதிலைச் சொல்வது திசு. அறிக்கையில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். 3 என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4 அல்லது 5 என்றால் திசு எடுக்கச் சொல்வார்கள். 4 என்று வந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை. நார்க்கட்டி, நீர்க்கட்டி, பழைய வீக்கம் என்று முடிபவை ஏராளம். எனக்கும் அறிக்கையில் 4 தான் இருந்தது. வந்த முடிவு நார்க்கட்டி.

"கட்டியை அப்படியே வெட்டி எடுத்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் கத்தி வைத்தால், தேவையில்லாத அறுவை ஆகலாம். புற்றுநோயாக இருந்தால் அரைகுறை அறுவை ஆகலாம்.

போவதற்கு முன்

இதற்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அதனால் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டே போகலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம், தாய்ப்பால் கொடுப்பது, மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்க வேண்டாம். பழைய படங்கள், அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோ சுடிதார் மேல்சட்டையோ வசதி. மேமோகிராம் எடுப்பதாக இருந்தால் அன்று பவுடர், வாசனைத் தெளிப்பு வேண்டாம். அவை படத்தில் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும். கூட ஒருவர் வரட்டும்.

அறைக்குள்

ஸ்கேன் வழியாகத் திசு எடுப்பதே அதிகம். மல்லாக்கப் படுக்கவைத்து அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்குமேல் வைக்கச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல் தடவி, ஸ்கேன் கருவியால் கட்டி இருக்கும் இடத்தைத் திரையில் கண்டுபிடிப்பார்கள். மரத்துப்போகும் ஊசி சுருக்கென்று குத்தும், சில விநாடி எரியும். நடைமுறையில் அதிகம் வலிப்பது அதுதான். பிறகு தோலில் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு கீறல். அதன் வழியாக ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி போகும். ஊசி எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்துவதில்லை.

திசுவை எடுக்கும் கணத்தில் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டாக்டர் முன்னாலேயே சொல்லிவிடுவார். அப்போது உடம்பை அசைக்காமல் இருந்தால் போதும். சில முறை அந்தச் சத்தம் கேட்கும். சேமியாத் துண்டுபோல மெல்லிய திசு, பார்மலின் புட்டிக்குள் போகும். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம், சிலருக்குச் சற்றுக் கூடுதல்.

கையில் தட்டுப்படாத, ஸ்கேனிலும் தெரியாத மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகள் மேமோகிராமில் மட்டும் தெரியும். அதற்கு வேறு முறை. மார்பகத்தைத் தட்டுகளுக்கிடையே அழுத்திப் பிடித்து, இரண்டு கோணங்களில் படம் எடுத்து, புள்ளி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். இடமாறு தோற்றம் என்று நாம் வகுப்பில் சொல்லித்தருகிறோமே, அந்த அடிப்படைதான். கட்டி மிகச் சிறியதாக இருந்தால், பின்னால் அடையாளம் தெரிய அரிசி மணியைவிடச் சிறிய உலோகக் குறி ஒன்றை உள்ளே வைப்பதும் உண்டு. அதனால் தொல்லை எதுவும் இல்லை.

அதன் பிறகு

சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்து, பிளாஸ்திரி போட்டு அனுப்பிவிடுவார்கள். பொதுவாகத் தையல் தேவைப்படாது. துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். வலித்தால் பாரசிட்டமால் போதும். ஒரு நாள் தண்ணீர்க் குடம், மாவு வாளி, நோட்டுக் கட்டு தூக்க வேண்டாம். ஊதா நிறத்தில் கன்றிப்போவது இயல்பு. ஓரிரு வாரத்தில் மறையும். ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, வீக்கம் பெருகினாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முடிவு வரச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். காத்திருக்கும் அந்த நாட்கள் ஊசியைவிடக் கடினம். அறிக்கையை வாங்கி இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். படம் சொல்வதும் திசு சொல்வதும் பொருந்துகின்றனவா என்று அவர்தான் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் மறுபடி திசு எடுக்கச் சொல்வார். புற்றுநோய் என்று வந்தால், அதே திசுவில் ஹார்மோன் ஏற்பிகளையும் ஹெர்-2 என்ற புரதத்தையும் சோதித்து, எந்த மருந்து பலன் தரும் என்று தீர்மானிப்பார்கள்.

அந்த மூன்று காரணங்கள்

ஊசியால் நோய் பரவும் என்பது. ஊசித் தடத்தில் சில செல்கள் ஒட்டுவது மிக அரிதாக நடக்கலாம். ஆனால் அதனால் நோயாளியின் ஆயுள் குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பரிசோதனை செய்யாமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் உண்மையிலேயே பரவுகிறது.

ஆண் மருத்துவர் பற்றிய கூச்சம். இது நம் மாவட்டத்துக்குப் பழைய கதை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள், ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்ற காரணத்தால் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் திறந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. இன்று பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்றோ தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது, பணமும் விடுப்பும். நமக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போதும். நம் ஊதியத்தில் பிடித்தம் செய்யும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. எந்தப் பரிசோதனை அதில் அடங்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவில்லை.

அந்த அம்மாவுக்கு வந்த முடிவு என்னுடையதைப் போல இல்லை. புற்றுநோய்தான். அறுவை முடிந்து இப்போது மருந்து நடக்கிறது. "ஊசி இவ்வளவுதானா டீச்சர், இதுக்கா அஞ்சு மாசம் பயந்தேன்" என்று என்னிடம் கேட்டார். அந்த ஐந்து மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. மகள் மறுபடி ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிறாள்.

ஆகவே மூன்று வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை ஒருமுறை அழைத்து, பெண்களிடம் மட்டும் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். முப்பது வயது கடந்த ஆசிரியைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு குழந்தை காரணமின்றி அடிக்கடி வராமல் போனால், வருகைப் பதிவேட்டில் குறிப்பதோடு நிறுத்தாமல் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரியுங்கள்.

சந்தேகங்கள் இருந்தால் இப்போதே கேட்கலாம். தனியாகக் கேட்க விரும்பும் சகோதரிகள் தேநீர் இடைவேளையில் வாருங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.