அன்னா தைத்த சின்ன மேலாடை

(வானொலியில் ஒலிபரப்பான காலைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் பிறந்துவிட்டது, பள்ளிக்கூடங்களும் திறந்துவிட்டன. நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், உங்களில் பலர் ஒரு மூன்று வயதுப் பிள்ளையைப் பிடித்து வைத்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். பிள்ளை காலை உதறிக்கொண்டிருக்கும். "நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்" என்ற குரல் வானொலியைவிடச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். இன்றைய சிந்தனை அந்த வீடுகளுக்கானது. பேரப்பிள்ளையைக் கொண்டுபோய் விடப்போகும் தாத்தா பாட்டிகளுக்கும், முப்பது பிள்ளைகளின் அழுகைக்கு நடுவில் நிற்கப்போகும் ஆசிரியைகளுக்கும் ஆயாம்மாக்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரு தாய் தன் சின்னஞ்சிறு மகனை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் தனியே வீடு திரும்பும் காட்சி விவிலியத்தில் உண்டு. சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளையில்லாமல் பல ஆண்டுகள் அழுது மன்றாடிய அன்னா, பிறக்கும் மகனை ஆண்டவருக்கே கொடுத்துவிடுவதாக நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை சாமுவேல். ஆனாலும், பிள்ளை பிறந்த பிறகு கணவர் எல்கானா குடும்பத்தோடு சீலோவுக்குப் புறப்பட்டபோது அன்னா கூடப் போகவில்லை. பிள்ளை பால்குடி மறக்கட்டும், அதன்பிறகு கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எல்கானாவும் மனைவியின் கணிப்பை மறுத்துப் பேசவில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எல்கானா மீது ஒரு மரியாதை வரும்.

அந்தக் காலத்துத் தாய்மார் எவ்வளவு நாள் பாலூட்டினார்கள் என்பதற்கு மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஏழு மகன்களையும் ஒரே நாளில் சாவுக்குக் கொடுத்த தாய், கடைசி மகனிடம் பேசும்போது, மூன்று ஆண்டுகள் பாலூட்டியதை நினைவூட்டுகிறார். அந்தக் கணக்குப்படி பார்த்தால், சீலோவுக்குப் போனபோது சாமுவேலுக்கு ஏறக்குறைய மூன்று வயது இருந்திருக்கலாம். அதாவது நம்முடைய எல்.கே.ஜி. வயது.

நேர்ச்சை என்ற அவ்வளவு பெரிய காரணம் இருந்தும் அன்னா அவசரப்படவில்லை. நாம் மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்? எதிர் வீட்டுப் பிள்ளை ரைம்ஸ் சொல்கிறது என்பதற்காக, இரண்டே கால் வயதில் ஒரு பிள்ளையைப் பையும் பாட்டிலுமாகக் கிளப்பிவிடுகிறோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே ஆறு வயதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்து, பிள்ளையும் இன்னும் தயாராக இல்லை என்று தாய்க்குத் தோன்றினால், ஆறு மாதம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடுகளின் கதை வேறு. எட்டரை மணிக்குக் கம்பெனி பஸ் ஏறவேண்டிய தாய்க்கு, பாலர் பள்ளியோ அங்கன்வாடியோதான் கை கொடுக்கிறது. அந்தத் தாயைப் பார்த்து, "இந்த வயசுலேயே கொண்டுபோய் விட்டுட்டாளே" என்று யாரும் பேச வேண்டாம். கோவில் வாசலில் நின்றுகொண்டு நிச்சயமாகப் பேச வேண்டாம்.

சரி, பிள்ளை ஏன் அழுகிறது? பிடிவாதம் என்கிறோம், செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் பலன் என்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. "பன்னிரண்டரைக்கு வந்துடுவேன்" என்ற சொல் அதன் காதில் விழுந்தாலும் மனதில் எதுவும் பதியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், அம்மா இருந்தாள், இப்போது இல்லை என்பதுதான். எங்கோ இருக்கிறாள், கட்டாயம் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை ஒரே நாளில் வராது. ஒவ்வொரு நாளும் போனவள் திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்துத்தான் அது பிள்ளைக்குள் ஊறுகிறது. அழுகிற பிள்ளை உண்மையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீ வருவாயா?

அந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் என்ன பதில் கிடைக்கிறது? பாட்டி, "அதோ பாரு காக்கா" என்று கையைக் காட்டுகிறார். பிள்ளை திரும்பிப் பார்க்கிறது. அந்த நொடியில் அம்மா வாசலைத் தாண்டிவிடுகிறாள். அழுகையைப் பார்க்கத் தாங்காமல் செய்வதுதான், புரிகிறது. ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். ஒரு காக்காயைப் பார்த்த நேரத்தில் அம்மா காணாமல் போகலாம் என்றால், அந்தப் பிள்ளை இனி எதை நம்பிக் கண்ணைத் திருப்பும்? மறுநாள் அம்மா குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது, இரவில் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறது. "ஸ்கூல் போனதிலிருந்து ரொம்ப ஒட்டிக்கிறான் ஃபாதர்" என்று என்னிடம் சொல்லும் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, சொல்லிவிட்டுப் போனீர்களா, சொல்லாமல் போனீர்களா என்பதுதான்.

சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை அழும், அழட்டும். மணிக்கணக்கு சொல்லாமல், பிள்ளைக்குத் தெரிந்த காரியங்களை வரிசையாகச் சொல்லுங்கள்: "விளையாடுவ, மிஸ் கதை சொல்வாங்க, டிபன் சாப்பிடுவ, மணி அடிக்கும், அப்போ தாத்தா கேட்டுக்கிட்ட நிப்பாங்க." ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். போய்விட்டு மறுபடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, இன்னும் ஒரு தடவை தூக்குவது, பிறகு நீங்களும் அழுவது எல்லாம் பிள்ளையின் பாரத்தைக் கூட்டும். தாத்தா வருவார் என்று சொன்னால் தாத்தாதான் வரவேண்டும், அதுவும் மணி அடிக்கும்போதே. எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கால்மணி நேரம், மறுநாள் காலை அழுகையாக உங்களிடமே திரும்பி வரும்.

இன்னொரு வகைப் பிள்ளை உண்டு. அது அழுவதே இல்லை. "எங்க பிள்ளை முதல் நாளே சமர்த்தா உட்கார்ந்துட்டான்" என்று பெருமையாகச் சொல்வோம். பல பிள்ளைகள் உண்மையிலேயே அப்படித்தான். ஆனால் சில பிள்ளைகளின் அமைதி வேறு மாதிரியானது. 1952-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம் எடுத்தார். பெற்றோர் கொஞ்ச நேரம் மட்டும் வந்து பார்க்கலாம் என்பது அந்நாளைய விதி. அந்தச் சிறுமி பெரிதாக ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல பிள்ளைதான். ஆனால் படத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள், அவள் அழுகையை அடக்கிக்கொள்வதையும், நாள் போகப் போகத் தாயிடமிருந்தே விலகுவதையும் கண்டார்கள். முதலில் மருத்துவர்கள் பலர் அந்தப் படத்தை ஏற்க மறுத்தார்கள். 1959-இல் அந்நாட்டு அரசு அமைத்த குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே ஆசிரியைகளே, மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடமும் போய் உட்காருங்கள். சத்தமாக அழுகிற பிள்ளையிடம் எப்படியும் யாராவது போய்விடுவார்கள்.

மறுபடி சீலோவுக்கு வருவோம். குரு ஏலி வயதானவர், கண்பார்வை மங்கியவர். ஓர் இரவு சிறுவன் சாமுவேலுக்குத் தன்னை யாரோ அழைப்பதுபோல் கேட்கிறது. எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார் அவர். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் ஓடி வருகிறான். தூக்கம் கலைந்த முதியவர் எரிந்து விழுந்திருக்கலாம். அவர் எரிந்து விழவில்லை. இந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் இதில் ஏதோ இருக்கிறது என்று யோசித்தார். அழைப்பது ஆண்டவர் என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. ஏலி தம் சொந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கத் தவறியவர் என்று விவிலியமே சொல்கிறது. ஆனால் அந்த இரவில், மூன்று முறை எழுப்பிய பிள்ளையை அவர் நடத்திய விதம், பாலர் வகுப்பு ஆசிரியை ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம்.

இங்கே நம் பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளுக்கும் சேர்த்து. முதல் நாளே கேட்டோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு பெற்றோரை அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "உள்ளே விட்டால் அழுகை அடங்காது" என்பார்கள். ஜெர்மனியில் பெர்லின் முறை என்று ஒன்றைப் பரவலாகக் கடைப்பிடிக்கிறார்கள். முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ கூடவே சிறிது நேரம் வகுப்பில் இருப்பார்கள். பிரிவு என்ற பேச்சே கிடையாது. நான்காம் நாள்தான் சில நிமிடங்கள் வெளியே போய்ப் பார்ப்பார்கள். அதைப் பிள்ளை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அடுத்த நாட்களின் நேரத்தைக் கூட்டுவார்கள். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியையும் ஓர் ஆயாம்மாவும் இருக்கும் நம் வகுப்பில் இதை அப்படியே செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே நாளில் முப்பது பேரையும் சேர்க்காமல், நாளுக்குப் பத்துப் பேராக வரவழைக்கலாம். முதல் வாரம் ஒரு மணி நேரத்தோடு அனுப்பிவிடலாம். மே மாதத்திலேயே ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டி வரச்சொல்லி, வகுப்பையும் ஊஞ்சலையும் காட்டலாம். இதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது.

வீட்டில் செய்யவேண்டியதில் எனக்கு முக்கியமாகப் படுவது கழிவறை விஷயம். கேட்கச் சிறியதாகத் தெரியும். வீட்டில் ஒரு சொல் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, பள்ளியில் எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்று பயந்து மதியம்வரை அடக்கிக்கொண்டிருந்து, கடைசியில் நனைத்துவிட்டு வெட்கப்படும் பிள்ளைகள் எத்தனை! உங்கள் பிள்ளை என்ன சொல்லும் என்பதை ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். கொக்கி வைத்த கால்சட்டை வேண்டாம், எலாஸ்டிக் வைத்தது போதும். டிபன் பாக்ஸை வீட்டிலேயே பிள்ளையைத் திறக்கவிட்டுப் பாருங்கள். நிலாவைக் காட்டி ஊட்டிவிட்டே பழகியிருந்தால், தன் கையால் எடுத்துச் சாப்பிடும் இட்லித் துண்டையோ வாழைப்பழத்தையோ முதல் மாதம் கொடுத்தனுப்புங்கள்.

தயவுசெய்து பள்ளியைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். "சாப்பிடலன்னா மிஸ்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்று இரவில் சொல்லிவிட்டு, காலையில் அதே மிஸ்ஸிடம் சிரித்துக்கொண்டு போகச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

மாலையில் வீட்டுக்கு வந்ததும் "என்ன படிச்ச, ஏ பி சி டி சொல்லு" என்று பிடித்துக்கொள்ள வேண்டாம். காலையெல்லாம் அடக்கி வைத்திருந்ததை, தனக்குப் பாதுகாப்பான இடம் என்பதால்தான் வீட்டில் வந்து கொட்டுகிறது. சிணுங்கும், தம்பியை அடிக்கும், விட்டுப்போன விரல் சூப்பலும் படுக்கையை நனைப்பதும்கூடத் திரும்பி வரலாம். மடியில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் இது தணியும். நன்றாகப் போய்வந்த பிள்ளை, இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகோ விடுமுறைக்குப் பிறகோ மறுபடி அழுதால் அதில் வியப்பில்லை.

ஆனால் நன்றாகப் பழகிய பிள்ளை எந்தக் காரணமும் தெரியாமல் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு நடுங்கினால், வேனில் ஏற மறுத்தால், உடம்பில் காயம் இருந்தால், "சும்மா நடிக்கிறான்" என்று தள்ளிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள், பள்ளியிலும் போய்க் கேளுங்கள். சந்தேகம் வலுத்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று தயங்க வேண்டாம், அது நம் பள்ளியாகவே இருந்தாலும் சரி.

அன்னா என்ன ஆனார்? மகனைச் சீலோவில் விட்டதோடு அவர் தாய்மை முடிந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு சின்ன மேலாடையைத் தயாரித்துக் கொண்டுபோய் மகனுக்குக் கொடுத்தார் என்று இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பிள்ளை வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும். பார்க்காத மகனின் தோள் இப்போது எவ்வளவு அகலம் இருக்கும் என்று மனதில் அளந்து பார்த்துத்தானே அந்தத் தாய் துணியை வெட்டியிருப்பார்? சாமுவேலும் அதைப் போட்டுக்கொண்டு கோவிலில் நடமாடியிருப்பான். நம் பிள்ளைகள் சிலர் அம்மாவின் கைக்குட்டையையோ பழைய சேலைத் துண்டையோ கேட்டு அழுவார்கள். பைக்குள் வைத்தனுப்புங்கள். ஆசிரியைகளே, அழுக்குத் துணி என்று அதைப் பிடுங்கிவிட வேண்டாம். தானாகவே ஒரு நாள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வரும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியை நிறுத்தாமலே பிள்ளையை இறக்கிவிட்டுப் பறக்கிறீர்கள். நாளைக் காலை ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, நெற்றியில் சிலுவை வரைந்து, மணி அடித்ததும் யார் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும், அதுவரை நில்லுங்கள்.