சிறு கப்பலில் ஒரு பாகை தூரம்



புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடற்கரை ஓர் அடிகூடக் கிடையாது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1974-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைக்கப்பட்டபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்து சில பகுதிகள் இதனோடு சேர்க்கப்பட்டன. அவ்வாறு வந்து சேர்ந்தவையே கட்டுமாவடி, மணமேல்குடி, செகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய கடலோர ஊர்கள். பல்லவன் குளத்தையே பெருநீராகக் கண்டிருந்த எங்களுக்கு அன்று கடல் வாய்த்தது.

அந்தக் கடலின்மேல் நண்பர் மூவரோடு ஒரு சிறு கப்பலில் பயணம் செய்த அனுபவத்தையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன். பெரிய கப்பல்கள் மிதக்கும் நகரங்கள் போன்றவை. ஆயிரக்கணக்கானோர் ஏறும் அவற்றில் மாலுமியின் முகத்தைப் பயணி காண்பதரிது. பயணியின் பெயரை மாலுமி அறிவதுமில்லை. சிறு கப்பலோ ஓர் இல்லம் போன்றது. அலை எழுந்தால் எல்லோரும் சேர்ந்து அசைவர். கரை தோன்றினால் எல்லோரும் சேர்ந்து எழுந்து நிற்பர்.

நாகப்பட்டினத்திற்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் ‘செரியபாணி’ என்னும் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களில் நின்றது. பின்னர் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அப்பணியை மேற்கொண்டது. 150 பேர் அமரக்கூடிய சிறு கப்பல் அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓய்ந்திருந்து அது மீண்டும் ஓடத் தொடங்கியபின், 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாங்கள் நால்வரும் புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் ஆசிரியர். ஒருவர் மளிகைக் கடை நடத்துபவர். மூன்றாமவர் கோட்டைப்பட்டினத்து மீனவக் குடும்பத்தவர். கையில் கடவுச்சீட்டும், சிற்றுண்டி மூட்டையும், நெஞ்சில் சிறிது அச்சமும் கொண்டு கப்பலேறினோம்.

நாகைத் துறைமுகம் பழம்பெருமை வாய்ந்தது. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னன் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்குச் சோழ மன்னன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். சமயம் வேறு, நாடு வேறு. எனினும் கடல் வழியே வந்த நட்பை நம்மவர் மதித்தனர் என்பதற்கு இஃதொரு சான்றன்றோ?

கப்பல் புறப்பட்டதும் எங்கள் ஆசிரியர் நண்பர் ஒரு வினா எழுப்பினார்: “இலங்கை நமக்குக் கிழக்கே என்றல்லவா எண்ணியிருந்தோம்? காலைக் கதிரவன் நமக்கு இடப்புறம் அல்லவா நிற்கிறான்!” உண்மையே. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பல் ஏறத்தாழ நேர் தெற்காகவே செல்கிறது. கிழக்கே சாய்வது மிகச் சிறிதளவுதான். நிலப்படத்தை எடுத்துப் பாருங்கள். நாகை ஏறக்குறைய வட அகலக்கோடு பத்தே முக்கால் பாகையில் இருக்கிறது. காங்கேசன்துறை பத்துப் பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வேறுபாடு ஏறத்தாழ ஒரு பாகை. ஒரு பாகையை 60 கலைகளாகப் பகுத்தால், ஒரு கலையின் தூரமே ஒரு கடல் மைல். அதாவது 1,852 மீட்டர். ஆகவே எங்கள் பயணத் தொலைவு ஏறக்குறைய 60 கடல் மைல், அல்லது 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம். பள்ளியில் மனப்பாடம் செய்த அகலக்கோடு அன்று எங்கள் காலடியிலேயே நழுவிச் சென்றது.

கோடியக்கரைக்கு நேரே வந்தபோது அலைகளின் இயல்பு மாறிற்று. அங்கே வங்கக் கடலைப் பாக்கு விரிகுடாவோடு இணைப்பது பாக்கு நீரிணை. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த இராபர்ட் பாக்கு என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. விரிகுடாவின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழங்கூட இல்லாத நீர்ப்பரப்பு. ஆகையால்தான் மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் பெருங்கப்பல்கள் இவ்வழியே வாராமல் இலங்கைத் தீவைச் சுற்றிக்கொண்டு வருகின்றன. பெரியவை புக அஞ்சும் இக்கடல், தோணிக்கும் வள்ளத்திற்கும் சிறு கப்பலுக்கும் உரிய கடல்.

மளிகைக் கடை நண்பருக்குத் தலை சுற்றிற்று, வயிறு குமட்டிற்று. கப்பற் பணியாளர் ஒருவர் வந்து, “கீழே குனிந்து கைப்பேசியைப் பார்க்காதீர்கள், ஐயா. தூரத்தில் வானமும் கடலும் சேருமிடத்தைப் பாருங்கள்,” என்றார். இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. உடல் அசைவதை உட்காதிலுள்ள நீர்மம் மூளைக்கு உணர்த்துகிறது. கப்பலுக்குள்ளேயே நோக்கும் கண்ணோ, “அசைவில்லை” என்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்படும்போது எழும் குழப்பமே கடல் மயக்கம். அடிவானத்தை நோக்கினால் கண்ணும் அசைவை உணர்கிறது, வழக்குத் தீர்கிறது. சிறிது நேரத்தில் நண்பரின் வழக்கும் தீர்ந்தது.

கோட்டைப்பட்டினத்து நண்பர் மட்டும் இருக்கையில் அமரவே இல்லை. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம் என்று காற்றுகளின் பெயரை எங்களுக்குச் சொல்லித் தந்தார். மேற்கே விரிந்த நீரைச் சுட்டி, அங்கே எங்கள் கரையோரத்தில் கடற்புல் வெளிகள் இருப்பதையும், அவற்றை மேயும் கடற்பசுவைத் தம் ஊரார் ‘ஆவுளியா’ என்று அழைப்பதையும் கூறினார். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

பயணத்தின் பிற்பகுதியில், கப்பல் எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டதாக அந்தப் பணியாளர் சொன்னார். எல்லோரும் வெளியே எட்டிப் பார்த்தோம். கோடு எங்கே இருக்கிறது? இப்புறமும் அப்புறமும் ஒரே நீலம், ஒரே அலை. இந்தியாவும் இலங்கையும் இந்நீர்ப்பரப்பில் எல்லை வகுத்துக்கொண்ட உடன்படிக்கை 1974-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கையெழுத்தாயிற்று. எங்கள் மாவட்டம் கடலைப் பெற்ற அதே ஆண்டில், அந்தக் கடல் கோட்டைப் பெற்றது.

மீனவ நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: “நாம் சீட்டு வாங்கிக்கொண்டு சிரித்துப் பேசியபடி இந்தக் கோட்டைத் தாண்டினோம். என் சித்தப்பா மீனைத் தேடி வந்து தாண்டினார். மூன்று மாதம் சிறையில் இருந்தார்.”

எங்களுக்கு எதிரே ஐம்பது வயது மதிக்கத்தக்க யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “தம்பிமார், நீங்கள் எவடம்?” என்று வினவினார். புதுக்கோட்டை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. 1990-ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், ஓர் இரவு மீன்பிடிப் படகில் இக்கடலைக் கடந்து வந்தவர் அவர். எங்கள் மாவட்டத்துத் தோப்புக்கொல்லை முகாமில் வளர்ந்தவர். “அண்டைக்குப் படகிலை விளக்கும் இல்லை, பேச்சும் இல்லை. பிள்ளைகள் அழுதால் வாயைப் பொத்துவினம். இண்டைக்கு முகாமிலை இருக்கிற அக்காவைப் பார்த்திட்டு, பகலிலை, சீட்டோடை போறன்,” என்றார்.

பிறகு அவரே எங்கள் நண்பரை நோக்கி, “உங்கட சித்தப்பா சிறையிலை இருந்தது துக்கந்தான், தம்பி. ஆனால் உங்கட பக்கத்து இழுவைப் படகுகள் வந்து போனால் எங்கட பொடியளின்ரை வலை மிஞ்சாது. கடன் வாங்கி வாங்கின வலை,” என்றார்.

நண்பர் மறுத்துப் பேசவில்லை. அடிக்கடலை வாரும் இழுவை மடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடைசெய்தது. நம் கிழக்குக் கரையிலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன் இனம் பெருக வேண்டும் என்பதே நோக்கம். இரு கரையாரின் துயரமும் மெய்யானது. ஒரு கரையாரின் துயரத்தை மட்டும் கேட்டவன் பாதி உண்மையையே அறிந்தவன். இதைச் செய்தித்தாள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கலாம். எதிரெதிர் இருக்கையில் அமர்ந்த இருவர் சொன்னபோதுதான் அது என் மனத்தில் பதிந்தது. காங்கேசன்துறையின் வெண்ணிறக் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது, அந்த அம்மையாரின் கனத்த பையை எங்கள் மீனவ நண்பரே தூக்கிக்கொண்டார்.

மாணவர்களே, வாய்ப்பு நேருமாயின் நண்பர்களோடு சிறு கப்பலில் ஒருமுறை செல்லுங்கள். வரைபடத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கதிரவன் எப்புறம் நிற்கிறான், காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, எதிரே இருப்பவரோடு இரண்டு சொல் பேசுங்கள். அக்கரையிலும் நம் மொழி பேசுவோர் இருக்கின்றனர். அவர்களுக்கும் வலை உண்டு, கடன் உண்டு, பிள்ளைகள் உண்டு. இக்கடலின் வழக்கை நாளை தீர்க்கும் பொறுப்பு உங்கள் தலைமுறையினது. தீர்ப்புக் கூறுமுன் இரு சாட்சிகளையும் கேட்டறிவது உங்கள் கடமை.