படப் புத்தகமும் பக்கத்து வீடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் தாய்மொழியின் பெருமை பேசப்படுகிறது. அது வேண்டுவதே. இவ்வாண்டு அதனோடு ஒட்டிய சிறியதொரு பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள நம் குழந்தைகளின் கையில் நாம் கொடுக்கும் படப் புத்தகமே அப்பொருள்.

'இதுவும் பேசத்தக்க பொருளோ?' என்று எண்ணற்க. நாம் வாழும் இக் கரக்பூர்க் காலனியில் தெலுங்கர், வங்காளியர், ஒடியர், பீகாரியர், தமிழர் எனப் பலரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழ்கின்றோம். வாசற்படியைத் தாண்டினால் ஹிந்தி, கடைத்தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம், வீடு திரும்பினால் தமிழ். விளையாட்டுச் சண்டையில் நம் குழந்தையின் மேல் 'மதராசி' என்ற சொல் வந்து விழுகிறது. விடுமுறைக்கு ஊர் சென்றாலோ, 'இது வடக்கத்திப் பிள்ளை. தமிழே வாயில் நுழையவில்லை' என்று உற்றாரே நகைக்கின்றனர். இங்கும் அயல், அங்கும் அயல் என்றால் அப்பிஞ்சு உள்ளம் எங்கே சென்று நிற்கும்?

மற்றொரு பக்கமும் உண்டு. அடுத்த வீட்டில் மீன் பொரிக்கும் மணம் எழுந்தால் நம் குழந்தை மூக்கைப் பொத்துகிறது. பிறர் பேச்சைப் போலச் செய்து நகைக்கிறது. தான் ஏற்கப்பட வேண்டும் என்று ஏங்கும் குழந்தை, பிறரை ஏற்கவும் கற்க வேண்டுமன்றோ? இவ்விரண்டையும் அறிவுரையினால் புகட்டுதல் அரிது. படமும் கதையும் அதனை எளிதிற் செய்யும்.

படப் புத்தகத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. குழந்தைகளுக்கென ஐரோப்பாவில் தோன்றிய முதற் படப் பாடநூல்களுள் ஒன்று 1658இல் நியூரம்பர்க் நகரில் வெளிவந்தது. அதனை இயற்றிய கொமேனியஸ், சமயப் பகையினால் தாய்நாட்டை விட்டு வெளியேறி அயல்நாடுகளில் வாழ்ந்தவர். ஒரு படம், அதனருகே லத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் விளக்கம். ஊரிழந்த ஒருவரே இருமொழிப் படநூல் செய்து தந்தார் என்பது நம் போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் துறைக்கு நெருங்கிய கதை ஒன்றும் கூறுவோம். லியோ லியோனி என்ற ஓவியர் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து 1939இல் அமெரிக்காவில் குடியேறியவர். ஒருநாள் ரயிலில் பேரக் குழந்தைகளுடன் செல்கையில், அவர்களை அமைதியாக இருத்துவதற்காக ஒரு பத்திரிகையின் தாள்களைக் கிழித்து, வண்ணத் துண்டுகளைக் கொண்டு கதை சொன்னார். அதுவே 1959இல் நூலாயிற்று. நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் நண்பர்கள். இருவரும் தழுவிக்கொள்ளப் பச்சையாகின்றனர். வீடு திரும்பினால், 'நீ எங்கள் பிள்ளை அல்லை' என்று பெற்றோரே மறுக்கின்றனர். அழுது அழுது நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமாகக் கரைந்த பின்னரே பழைய உருவம் பெறுகின்றனர். பின்னர்ப் பெற்றோரும் தழுவிப் பார்க்க, அவர்களும் பச்சையாவதைக் கண்டு உண்மை உணர்கின்றனர். நம் குழந்தைகளும் சிறிது பச்சையானவர்களே! அவர்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய பொறுப்பு நம்முடையது.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர் 1962இல் வெளியிட்ட நூலில் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். ஒரு பனியுருண்டையைச் சட்டைப்பையில் போட்டு வைக்கிறான். அது உருகிப் போகிறது. அவ்வளவே கதை. நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், தன் நிறத்துப் பிள்ளையொருவன் கதைத் தலைவனாக நிற்பதைக் கண்ட குழந்தைக்கு அதுவே பெருஞ்செல்வம். தீயவனைக் கறுப்பாகவும் நல்லவனை வெளுப்பாகவும் மட்டுமே தீட்டிய நூல்களை நம் வீட்டில் சேர்க்காமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

தொலைவில் தேட வேண்டுவதில்லை. இவ் வங்க மண்ணில் தாகூர் எழுதி நந்தலால் போஸ் படம் தீட்டிய 'சகஜ் பாட்' 1930இல் வெளிவந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அதனைக் கொண்டு எழுத்தறிந்திருக்கும்; கேட்டால் அன்போடு தருவர். 1957இல் நிறுவப்பெற்ற நேஷனல் புக் டிரஸ்ட், ஒரே படக்கதையைப் பல இந்திய மொழிகளில் வெளியிட்டு வருகிறது. 1996இல் தொடங்கப்பெற்ற சென்னைத் தூலிகா பதிப்பகம் தமிழோடு ஆங்கிலமும் இணைந்த இருமொழிப் படநூல்களை அளித்து வருகிறது. ஒரே கதையின் தமிழ்ப் பிரதியை நம் குழந்தையும் வங்காளிப் பிரதியை அண்டை வீட்டுக் குழந்தையும் அருகருகே விரிக்கட்டும். படம் ஒன்று, எழுத்து இரண்டு எனக் காணும் கணத்தில், மொழி வேறானாலும் உலகம் ஒன்றே என்பது தானே விளங்கும்.

படிக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் எழுத்தை மறந்து படத்தைக் குழந்தை காணட்டும். 'இவன் ஏன் தனியே நிற்கிறான்? நீ அங்கிருந்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். 'இதனால் அறியும் நீதி யாது?' என்று கேட்டு விடாதீர்கள். அக்கணமே கதை பாடமாகிவிடும். ஒரே நூலைப் பத்து முறை கேட்டாலும் சலியாது படித்துக் காட்டுங்கள்.

புத்தகம் ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்று கூறவில்லை. புத்தகத்தை மூடியபின் வீட்டுப் பெரியோர் அயலாரை இகழ்ந்து பேசினால், குழந்தை அப்பேச்சையே நம்பும்.

ஆகவே, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, மன்றத்தில் ஓர் அலமாரி. வீட்டிற்கு ஒரு படநூல். இரண்டாவது, மாதம் ஒரு ஞாயிறு மாலையில் கதை நேரம். அதற்குத் தெலுங்குப் பாட்டியாரையும் வங்காளத் தாய்மாரையும் அழைத்து, அவர்கள் மொழியிலும் ஒரு கதை சொல்லச் செய்தல். மூன்றாவது, குழந்தைகளே நம் காலனியை வரைந்து ஒரு நூல் செய்தல். மாற்றலாகிச் செல்லும் தோழனுக்கு அதனையே பரிசாக அளிக்கலாம்.

பார்சல் வே-பில்லில் புறப்பட்ட நிலையமும் எழுதப்பெறும். சேரும் நிலையமும் எழுதப்பெறும். இரண்டில் ஒன்றை அடித்துவிட்டால் பொருள் வழியில் அலையும். நம் குழந்தைக்கும் இரண்டு ஊர்ப் பெயர்களும் வேண்டும். அவை இரண்டும் அதற்கே உரியவை என்று அன்போடு கூறி வளர்ப்போமாக!