ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு

(ஜமாஅத் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு (கி.பி. 624) பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள், ஈட்டுத்தொகை செலுத்த இயலாத எழுத்தறிந்தோர் சிலர், மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றனர் என்பது வரலாறு. பொருளுக்கு நிகராக எழுத்தை மதித்த வழியில் வந்தவர்கள் நாம். அந்த எழுத்து நம் வீட்டுப் பிள்ளைகளை உண்மையிலேயே சென்றடைகிறதா என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

நம் பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் ஒரே காலத்தில் பல எழுத்து முறைகளைக் கற்கின்றனர். மக்தபில் வலமிருந்து இடமாக 28 அரபு எழுத்துகள். பள்ளிக்கூடத்தில் இடமிருந்து வலமாக 247 தமிழ் எழுத்துகள். இதைத் தாங்கொணாச் சுமை என்று அஞ்ச வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் அறிந்து, துணைக்குறிகள் சேரும் விதமும் பிடிபட்டுவிட்டால், எஞ்சிய 216 உயிர்மெய்களும் பிள்ளைக்கு எளிதாகிவிடும்.

நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்றைப் பற்றி. பிள்ளை ஒரு பக்கம் முழுவதையும் தடையின்றிச் சொல்கிறது, நாமும் மகிழ்கிறோம். ஆனால் அது எழுத்தைப் பார்த்துச் சொல்கிறதா, காதில் பதிந்ததை ஒப்பிக்கிறதா? இதை அறிய எளிய வழி உண்டு. பக்கத்தின் நடுவே ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். அரபியில் 'பே', 'தே', 'ஸே' மூன்றுக்கும் வடிவம் ஒன்றே, புள்ளிகளே வேறுபடுத்துகின்றன. வரிசையை மாற்றிக் கேட்டால்தான் பிள்ளை புள்ளியைக் கவனித்ததா என்பது புலப்படும். தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. இங்கே பிள்ளை தடுமாறுவது இயல்பு, மந்தம் அன்று. அடிப்பதும் ஏசுவதும் எழுத்தின் மீதே அச்சத்தை உண்டாக்கும்.

இக்குறை முதல் வகுப்பில் மறைந்திருக்கும். மூன்றாம், நான்காம் வகுப்பில் பிற பாடங்களையும் வாசித்தே கற்க வேண்டி வரும்போது வெளிப்படும். வாசிக்க இயலாத பிள்ளை கடைசி வரிசையில் வாய்மூடி அமர்கிறது. நாளடைவில் பள்ளியையே வெறுக்கிறது. படிப்பைப் பாதியில் விடுவோர் சிலரது கதை இங்கேதான் தொடங்குகிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின்னர், 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பித்தது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை என்பதை நாமும் மனத்திற்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை சில. நாள்தோறும் கால்மணி நேரம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படிக்காத உம்மாவும், "வாசித்ததைக் கதையாகச் சொல்" என்று கேட்கலாம். வளைகுடாவில் பணிபுரியும் வாப்பா, தொலைபேசியில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பென்சிலைப் பிடித்து எழுதத் திணறும் பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகட்டும். புத்தகத்தைக் கண்ணருகே வைத்துப் படிக்கும் பிள்ளையைத் தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜமாஅத்தாக நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் கண்காணித்த ஆன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் இல்லத்திலும் அதைப் புகுத்தினார். அறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் கைக்கொண்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் மண்ணில் விளைந்த அந்த வழி நமக்கு எட்டாததன்று. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு சிறு பிள்ளையைப் பொறுப்பேற்று, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அரைமணி நேரம் உடனிருந்து வாசிக்கச் செய்யட்டும். இடத்திற்கும் புத்தகத்திற்கும் பெரியோர்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

நம் மஹல்லாவில் எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்பிற்குச் செல்லக்கூடாது. இதற்காக நாம் அனைவரும் ஒன்றுபட்டு உழைப்போமாக!