அவலாஞ்சி ஓடையில் அப்பா



நான் இங்கே விலங்கியல் படித்தவன். ட்ரவுட் மீனைப் படம் வரைந்து பாகம் குறிப்பேன். உயிரோடு பார்த்தது கிடையாது. 1988 கோடை விடுமுறையில் அப்பா எங்களை நீலகிரி அவலாஞ்சிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போடுவதற்கென்றே மலைக்குக் கொண்டுவந்த மீன் அது. 1907-இல் அங்கே குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். குளிர்ந்த தண்ணீர் இல்லாவிட்டால் பிழைக்காது.

அனுமதிச் சீட்டு வாங்கி, மூன்று மணி நேரம் கரையில் நின்றோம். அம்மா கட்டிவந்த புளிச்சோறு தீர்ந்ததுதான் மிச்சம்! கடைசியில் தங்கச்சி தூண்டிலில் ஒன்று மாட்டியது. ஒரு சாண்கூட இல்லை. பிடிக்கப் பாய்ந்தேன்.

"கையை நனைச்சுக்கோடா! காய்ஞ்ச கை பட்டா மேல இருக்கிற வழவழப்பு போயிடும். அப்புறம் விட்டாலும் பிழைக்காது."

அப்பா பவானி ஆற்றங்கரைக்காரர், எட்டாம் வகுப்பு. அதை உங்களில் சிலரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தவன் நான். கையைத் தண்ணீரில் விட்டேன், விரல் விறைத்தது. முள்ளை எடுத்து மீனை விட்டோம்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அதற்குப் பிறகு மகளோடு போனேன். அப்பா இல்லை. தூண்டில் போடவில்லை, ஓடையில் கையை மட்டும் நனைத்தோம். அதே குளிர்.